கூழைக்கடாவும் பீரங்கி பைனாகுலரும்

பறவைச் சங்கத்துக்கு எந்த பைனாகுலர் வாங்குவது என்று ஏரி நடுவே, அஞ்சலை ஓட்டிய படகிலேயே சண்டை மூண்டது. தலைவர் நடேசமூர்த்தி பீரங்கி மாதிரி ஒன்றை வைத்திருந்தார். அஞ்சலையின் கழுத்தில் தொங்கிய குட்டி பைனாகுலரைப் பார்த்து அவருக்கு ஒரே சிரிப்பு.

“என்னுதைவிடப் பெரிசா அதுல ஒரு பறவையைக் காட்டு பார்ப்போம்! முடியலேன்னா நாளையிலேர்ந்து எங்களுக்கு வேற படகு!”

“சரிங்க ஐயா” என்றவள், படகு முனையில் ஒரு மீனைப் போட்டாள். அவள் மீனுக்குப் பழகிய கூழைக்கடா தொப்பென்று வந்து இறங்கியது!

குட்டி பைனாகுலரைப் பிடுங்கிப் பார்த்த சங்கத்தார், “அடேயப்பா, கண்ணே தட்டு அளவு தெரியுது!” என்று கூவினார்கள்.

தலைவர் தன்னுடையதைத் திருகு திருகென்று திருகினார். “ஒரே மங்கலா இருக்கே!”

“கொஞ்சம் பொறுங்க ஐயா. உங்க பைனாகுலருக்குத் தோதா, பறவையை அக்கரைக்குப் போகச் சொல்றேன்.”