உடும்பக்காவின் ஒற்றைக் கல்

ஆவாரங்காட்டுக் குளத்தங்கரையில் ஒரு தட்டைப் பாறை. அதன்மேல் ஒரு உடும்பு. அதை அங்கிருந்து யாராலும் கிளப்ப முடியாது. பிடித்தால் பிடித்ததுதான்! அதனால்தான் காட்டு உயிர்கள் எல்லாம் கூடி, "அக்கா, இந்தப் பாறைக்கு நீங்களே காவல் இருங்க!" என்று சொல்லிவிட்டன.

பாறைக்கு எதற்குக் காவல் என்கிறீர்களா? அது சும்மா பாறை இல்லை, கேள்விப் பாறை. காலையில் யாருக்கு என்ன சந்தேகமோ, அதில் ஏறிக் கேட்கலாம். தெரிந்தவர்கள் கீழேயிருந்து பதில் சொல்வார்கள்.

"வடக்குத் துறையில முதலை கிடக்கா?"

"இல்லை, கட்டைதான் மிதக்குது. தைரியமா போய்க் குடி!"

இப்படிக் கேட்டுக் கேட்டே எத்தனையோ உயிர் பிழைத்திருக்கிறது.

ஆனால் நாலு பேர் கூடுகிற இடமாச்சே! ஒருநாள் குரங்கு ஏறி, "இந்தக் காட்டிலேயே யார் வால் அழகு?" என்று கேட்டுத் தொலைத்தது. போச்சு! மூன்று நாளைக்கு அதே பேச்சுதான். மயில் கோபித்துக்கொண்டு அடுத்த மலைக்கே போய்விட்டது. "இந்தத் தண்ணி ஏன் கசக்குது?" என்று கேட்க வந்த மான், முறை வராமல் தாகத்தோடு திரும்பியது. அன்றைக்குத்தான் உடும்பக்கா ஒரு சட்டம் போட்டது. "இனிமே இங்க குளத்துக் கேள்வி மட்டும்தான்!" நல்ல சட்டம்தான். யாரும் குறை சொல்லவில்லை.

சட்டத்தோடு ஒரு முறையும் வந்தது. ஒரு கேள்வி பாறைக்கு ஆகாது என்று பட்டால், கேட்டவர் முன்னால் ஒரு கூழாங்கல்லை வைக்கலாம். ஐந்து கல் சேர்ந்தால் அவர் மறுபேச்சில்லாமல் இறங்கிவிட வேண்டும். காவல் இருக்கும் உடும்பக்காவுக்கு மட்டும் ஒரு சலுகை. அது வைக்கும் ஒற்றைக் கல், ஐந்து கல்லுக்குச் சமம்!

நாளாக ஆக உடும்பக்காவுக்கு அதில் ஒரு ருசி பிடித்துவிட்டது.

"நத்தை எதைத் தின்னும்?"

"நத்தை இப்போ கரையில ஏறிடுச்சு. அது குளத்துக் கேள்வி இல்லை. இறங்கு!" டக்!

"தாமரை இலையில ஏன் தண்ணி ஒட்ட மாட்டேங்குது?"

"நீ இலையைக் கேக்கிறியா, தண்ணியைக் கேக்கிறியா? ரெண்டையும் கலக்கக் கூடாது. இறங்கு!" டக்!

கல் பாறையில் விழுகிற அந்தச் சத்தம் அதன் காதுக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது.

தை மாதம் பிறந்தது. மழை ஓய்ந்து ஒரு மாதமாகியும் குளம் ததும்பிக் கிடந்தது. ஒரு காலை, எலி ஒன்று மூச்சிரைக்க ஓடிவந்து பாறையில் ஏறியது. கரைக்கு அந்தப் பக்கம் பொந்தில் குடியிருக்கும் எலி. மூன்று நாளைக்கு முன்புதான் குட்டி போட்டிருந்தது.

"அக்கா! என் பொந்துச் சுவர் ஈரமா இருக்கு. மழையும் இல்லை. குட்டிங்க நடுங்குதுங்க. ஏன்னு யாருக்காச்சும் தெரியுமா?"

உடும்பக்கா ஒற்றைக் கண்ணைத் திறந்தது. "பொந்து எங்க இருக்கு?"

"கரைக்கு அந்தப் பக்கம்."

"குளத்துக்குள்ள இல்லையே?"

"இல்லைக்கா, ஆனா..."

"அப்போ அது வீட்டுக் கேள்வி!" டக்!

எலி இறங்கிவிட்டது. விஷயம் அதோடு முடிந்திருக்கும். மைனா விட்டால்தானே!

"அநியாயம்!" என்று மைனா கிளையிலிருந்து கத்தியது. "ஈரம்னா தண்ணி. தண்ணின்னா குளம். எலி கேட்டது சுத்தமான குளத்துக் கேள்வி! எதைக் கேட்டாலும் விடணும்!"

முள்ளம்பன்றிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. உடும்பக்கா போட்ட சட்டம் என்றால் அதற்கு உயிர். "என் மூக்குகூடத்தான் ஈரமா இருக்கு! அதையும் ஏறிக் கேக்கட்டுமா? இன்னைக்கு எலிப் பொந்தை விட்டா நாளைக்கு மறுபடி குரங்கு வால்தான்!"

"ஓகோ, ஒரு வாலுக்காக எல்லார் வாயையும் கட்டுறதா?"

"கட்டலைன்னா உன் வாய் நிக்குமா?"

அவ்வளவுதான், காடு இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பேர் மைனா பக்கம், பாதிப் பேர் முள்ளம்பன்றி பக்கம். எலியின் கேள்வி குளத்தில் சேர்த்தியா, சேர்த்தி இல்லையா? பேசினார்கள், பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். அந்த எலியோ பாறைக்குக் கீழேயே நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்து ஒருவராவது ஒரு வார்த்தை கேட்க வேண்டுமே! ஊஹூம். உச்சிவெயில் வரை நின்றுவிட்டு, குட்டிகளுக்குப் பால் கொடுக்க நேரமானதால் அது பாட்டுக்குப் போய்விட்டது. அது போனதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

மறுநாளும் அதே சண்டை. அதற்கு அடுத்த நாள் ஒரு தேரை பாறையில் ஏறி, அப்பாவியாக முகத்தை வைத்துக்கொண்டு கேட்டது. "ஒரு சின்னச் சந்தேகம். நீங்க போடுற இந்தச் சண்டை குளத்துக் கேள்வியா, இல்லையா?"

அடடா! அதைப் பற்றி இரண்டு நாள் போனது.

ஐந்தாம் நாள் நீர்நாய் ஏறியது. "குளத்துல தண்ணி தினமும் ஒரு சாண் இறங்குது. வெயிலும் அப்படி இல்லை. ஏன்?"

"ஆகா! கேள்வின்னா இதுல்ல கேள்வி!" என்று முள்ளம்பன்றி உருகியது. "தண்ணியும் இருக்கு, குளமும் இருக்கு! எல்லாரும் பார்த்துக் கத்துக்கங்க!"

"யானை குடிச்சிருக்கும்" என்றது ஒரு நாரை.

"யானை இந்தப் பக்கம் வந்தே ஆறு மாசம் ஆச்சே!"

"அப்போ ஆறு மாசத் தாகத்தோட வந்து குடிச்சிருக்கும்!"

எல்லாரும் தலையாட்டினார்கள். உடும்பக்காவும் ஆட்டியது. நல்ல கேள்வி, ஒழுங்கான பதில். பாறை எப்படி நடக்க வேண்டுமோ அப்படி நடக்கிறது என்று அதற்கு உள்ளூரப் பெருமை.

அன்று மாலை உடும்பக்கா தன் புற்றைப் பார்க்கப் போனது. கரையைத் தாண்டிப் பள்ளத்தில் இருந்த பழைய கரையான் புற்று அது. அதற்குள்தான் தன் முட்டைகளைப் புதைத்து வைத்திருந்தது. மாசி பிறந்தால் குஞ்சு பொரிந்துவிடும். தினமும் அதை ஒரு தடவை முகர்ந்து பார்க்காவிட்டால் அதற்கு இரை இறங்காது.

புற்றின் அடியில் கால் வைத்ததுமே சொதசொதவென்று உள்ளே போனது. மண்ணைக் கீறிப் பார்த்தது. ஈரம்! காய்ந்த தை மாதத்தில் எங்கிருந்து வந்தது ஈரம்? கரையான்கள்கூட மேல்மாடத்துக்குக் குடி போயிருந்தன. இன்னும் ஒரு முழம் ஏறினால் முட்டையில் தண்ணீர் பட்டுவிடும். பட்டால் அத்தனையும் அழுகிப் போகும்.

உடும்பக்கா புற்றைச் சுற்றிச் சுற்றி ஓடியது. "ஐயோ, என் பிள்ளைங்க!" என்று வாய்விட்டு அரற்றியது. எடுத்து வேறு இடத்தில் வைக்கலாமா? முட்டை அசையலாமா, கூடாதா? ஈரம் ஏறுமா, நின்றுவிடுமா? அதற்கு ஒன்றும் தெரியவில்லை. யாரையாவது கேட்டால் தேவலை. கேட்கிற இடம்தான் இருக்கிறதே!

மறுநாள் காலையில் பாறைமேல் நின்று தொண்டையைக் கனைத்தது. "எனக்கே ஒரு சந்தேகம். அதாவது, குளத்துக்கு... கொஞ்சம் பக்கத்துல... ஒரு மேடு இருக்குன்னு வச்சுக்கங்க. அதோட அடியில ஈரம் ஏறினா..."

"என்ன மேடு அக்கா?" என்றது முள்ளம்பன்றி பணிவாக.

"புத்துதான்."

"எங்க இருக்கு?"

"கரைக்கு அந்தப் பக்கம்."

முள்ளம்பன்றியின் முகம் மலர்ந்தது. "புரிஞ்சுபோச்சு! எங்களைச் சோதிக்கிறீங்க! யாரா இருந்தாலும் சட்டம் சட்டம்தான்னு நாங்க கத்துக்கிட்டோமான்னு பார்க்கிறீங்க!" டக்! முதல் கல்லை அதுதான் வைத்தது. "எப்படி அக்கா? சரியா வச்சேனா?"

நாரை ஒன்று வைத்தது. நீர்நாய் ஒன்று. தேரை ஒன்று. ஐந்தாவது கல்லை அலகில் கவ்விக்கொண்டு வந்தது யார் தெரியுமா? மைனா! எதைக் கேட்டாலும் விட வேண்டும் என்று ஐந்து நாளாகத் தொண்டை கிழியக் கத்திய அதே மைனா. "வீட்டுக் கேள்வியை வீட்டுல வச்சுக்கங்க அக்கா!" என்று குத்தலாகச் சொல்லிக் கல்லைப் போட்டது.

உடும்பக்கா இறங்கியது. கீழேயிருந்து பாறையை அண்ணாந்து பார்த்தது. இது இவ்வளவு உயரமா? அதற்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அக்கா, அதை எதுக்குக் கேட்டீங்க?"

திரும்பிப் பார்த்தால், எலி.

அதுவரை யாரும் கேட்காத அந்த ஒரு வார்த்தைக்கு உடும்பக்கா உடைந்துபோனது. புற்று, ஈரம், முட்டை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தது.

எலி காதை விடைத்துக்கொண்டது. "உங்க புத்து என் பொந்துக்கு நேர் கீழ்ப்பள்ளத்துலதானே இருக்கு? என் பொந்துல இப்போ ஈரமில்லை அக்கா, தண்ணியே ஓடுது. குட்டிங்களைத் தூக்கிட்டு மேட்டுக்கு வந்துட்டேன்."

"தண்ணி ஓடுதா? எந்தப் பக்கத்துலேர்ந்து?"

"குளத்துப் பக்கத்துலேர்ந்து."

பாறை இடுக்கில் ஏதோ நகர்ந்தது. ஒரு நண்டு பக்கவாட்டில் மெல்ல வெளியே வந்தது. "அது... நான் வளை தோண்டினேன். கொஞ்சம் அதிகமா தோண்டிட்டேன் போல. கரையைத் துளைச்சுட்டு அந்தப் பக்கம் போயிடுச்சு. இப்போ ஓட்டை பெருசாகிட்டே போகுது. எப்படி அடைக்கிறதுன்னு தெரியலை."

"இதை ஏன் நீ பாறையில வந்து கேக்கலை?" என்று சீறியது உடும்பக்கா.

"கேக்கத்தான் வந்தேன். எலியை இறக்கிவிட்ட சத்தம் கேட்டுச்சு. பொந்தே ஆகாதுன்னா வளை ஆகுமான்னு திரும்பிட்டேன்."

உடும்பக்கா அப்புறம் அங்கே நிற்கவில்லை. ஒரே பாய்ச்சலில் தண்ணீரில் விழுந்து நீந்தியது. கரையோரம் ஒரு பெரிய ஓட்டை. குளம் அதற்குள் கடகடவென்று இறங்கிக்கொண்டிருந்தது. ஓரத்து மண் கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் கரையே உடையும். குளமும் இருக்காது, பள்ளத்துப் புற்றும் இருக்காது.

உடும்பக்கா யோசிக்கவில்லை. வாலை உள்ளே விட்டு, உடம்பைத் திணித்து, நாலு காலாலும் மண்ணைப் பற்றிக்கொண்டது. தலை மட்டும் வெளியே. தண்ணீர் இழுத்த இழுப்பில் எலும்பெல்லாம் வலித்தது. விடவில்லை. அந்தப் பிடி வேறு யாருக்கு வரும்?

"ஓடி வாங்க! களிமண் கொண்டு வாங்க!"

எல்லாரும் ஓடி வந்தார்கள். வந்த இடத்திலாவது சும்மா இருந்தார்களா!

"கரை மண்ணைத் தோண்டலாமா?" என்றது முள்ளம்பன்றி. "கரை குளத்துல சேர்த்தியா, இல்லையான்னு இன்னும் முடிவாகலையே!"

"அதைத்தான் நான் அன்னைக்கே சொன்னேன்!" என்று மைனா தொடங்கியது.

"அடப் பாவிங்களா!" உடும்பக்கா வாயில் புகுந்த தண்ணீரைத் துப்பிக்கொண்டு அலறியது. "சேர்த்தியோ இல்லையோ, முதல்ல மண்ணைப் போடுங்க! என் பிள்ளைங்க சாகப்போகுது!"

அப்புறம்தான் எல்லாருக்கும் உறைத்தது. முள்ளம்பன்றி மண்ணைத் தோண்டியது. காட்டுப்பன்றி மிதித்துக் குழைத்தது. மைனா காய்ந்த புல்லும் வேரும் சுமந்தது. அதிசயம் என்னவென்றால், அலகில் சுமை இருந்ததால் அது பேசவே இல்லை! எலி தன் பொந்து வழியாக உள்ளே போய் அந்தப் பக்கத்து வாயை அடைத்தது. நண்டு நடுவில் களிமண்ணை அப்பியது. கடைசியில் உடும்பக்கா வெளியே துள்ள, காட்டுப்பன்றி ஒரு பெரிய களிமண் உருண்டையை ஓட்டைக்குள் தள்ளி மிதித்தது.

ஒழுக்கு நின்றது.

உடும்பக்கா தள்ளாடிக்கொண்டே புற்றுக்குப் போய்த் தோண்டிப் பார்த்தது. தண்ணீர் இரண்டு விரல்கடை தூரத்தில் நின்றிருந்தது. முட்டைகள் அத்தனையும் உலர்ந்து கிடந்தன. அது அப்படியே புற்றின்மேல் சாய்ந்துகொண்டது.

கூடவே வந்த எலியைப் பார்த்ததும் அதற்குக் கொஞ்சம் கோபமும் வந்தது. காவல் இருந்த பழக்கம் போகுமா? "ஏம்மா, உன்மேலயும் தப்பு இருக்கு. பொந்து ஈரம், குட்டி நடுங்குதுன்னு என்னத்தையோ கேட்டியே! கரை ஒழுகுதுன்னு நேரா ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் கல் வச்சிருப்பேனா?"

எலி மீசையில் இருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டது. "கரை ஒழுகுதுன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா, நான் எதுக்கு அக்கா உங்ககிட்ட வந்து கேக்கிறேன்?"

உடும்பக்கா தோண்டிய மண்ணை இழுத்து முட்டைகளை மூடத் தொடங்கியது.

மாசியில் குஞ்சுகள் பொரிந்தன. பாறையும் இருக்கிறது, சட்டமும் அதேதான். ஆனால் இப்போது உடும்பக்கா பாறைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. கல்லை எடுக்கும் முன் யாராக இருந்தாலும், "எதுக்குக் கேக்கிறே?" என்று ஒரு வார்த்தை விசாரிக்கிறது. போன வாரம் நரி ஏறி, "எலிக்குட்டிங்களை எந்த மேட்டுல வச்சிருக்காங்க?" என்று கேட்டது.

"எதுக்குக் கேக்கிறே?"

"சும்மா, பார்த்துட்டுப் போகலாம்னுதான்" என்று நாக்கைச் சுழற்றியது நரி.

கல் விழுந்த வேகத்தில் நரி இறங்கவில்லை, உருண்டது!

தன் கேள்வி எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரியாதவரே கேட்க வருகிறார். அதனால் அது இங்கே ஆகுமா ஆகாதா என்று நமக்குள் சண்டை போடுவதற்கு முன், எதற்காகக் கேட்கிறார் என்று அவரையே ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.