தெய்வசிகாமணியின் டேங்க் பூட்டு

டிரைவர் இருளப்பன் டீசல் திருடுகிறான் என்று முதலாளி தெய்வசிகாமணிக்குச் சந்தேகம். டேங்க் மூடியைப் பூட்டி, மேலே டேப்பையும் இறுக்கிச் சுற்றி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியில் ஏறினார். தக்காளி ஏற்றிய பிக்கப் சந்தைக்குப் பாதி வழியில் நின்றுவிட்டது.

“பம்ப்பைக் கெடுத்துட்டியே! டேங்கைத் தொடாம சரிபண்ணு. இல்லேன்னா இன்னியோட உனக்கு வேலை கிடையாது.”

இருளப்பன் எஞ்சினுக்கு டீசல் ஏற்றும் கைப்பம்ப்பை அழுத்திப் பார்த்தான். டீசல் வரவில்லை.

“நான் தொடலை முதலாளி. இதுக்கு வேண்டிய ஸ்பானர் உங்க இடுப்புலதான் இருக்கு. அந்தச் சாவியால நீங்களே திறங்க.”

முறைத்தபடியே டேப்பைப் பிய்த்து மூடியைத் திறந்தார். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. இருளப்பன் மறுபடி அழுத்தினான். டீசல் வந்தது, வண்டியும் உறுமியது.

“டீசல் குறையக் குறைய உள்ளே காத்து போகணும். அதுக்குன்னு மூடியில இருந்த ஓட்டையை உங்க டேப் அடைச்சிருச்சு. என்னை நம்பாட்டிப் போகுது முதலாளி, காத்தையாவது உள்ளே விடுங்க.”