கிளாட்ஸ்டனின் பழைய குரல்

"என் குரல் செத்துப்போச்சுன்னு சொல்றானுங்க, மாஸ்டர்."

துரைக்கண்ணு மாஸ்டர் திரும்பவில்லை. மொட்டை மாடியில் குந்திப் புறாக்கூட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

கிளாட்ஸ்டன் சுற்றிவந்து அவர் முகத்துக்கு நேரே நின்று இன்னொரு தடவை சொன்னான். மாஸ்டரிடம் அப்படித்தான் பேச வேண்டும். டிரம்ஸ் அடித்து அடித்தே காதைத் தொலைத்த மனுஷன். காதில் மெஷின் உண்டு. எதிரில் நின்றால் பேச்சு புரியும். பாட்டு மட்டும் புரியாது. தகரத்தைத் தரையில் போட்டு இழுக்கிற மாதிரி கேட்கும் என்பார்.

"யாரு சொன்னது?"

"ரசிகருங்க."

"ஓ" என்று மாஸ்டர் இன்னொரு குவளை தண்ணீரை ஊற்றினார்.

'சாம்பல்மேடு' என்ற பெயரைக் கேள்விப்படாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வியாசர்பாடிப் பையன்கள் சேர்ந்து ஆரம்பித்த மெட்டல் பேண்ட் அது. குப்பைமேட்டுப் புகையைக் குடித்து வளர்ந்தவர்கள், பெயருக்கு எங்கே போவார்கள்? அதையே வைத்துக்கொண்டார்கள். மெட்டல் என்றால் கொஞ்சிப் பாடுகிற சங்கதி இல்லை. கிடார் இடிக்கும், டிரம்ஸ் உதைக்கும், பாடுகிறவன் அடிவயிற்றிலிருந்து உறுமுவான். அப்படி உறும கிளாட்ஸ்டனை விட்டால் ஆளில்லை என்று ஒரு காலத்தில் ஊரே சொன்னது.

மூச்சை எங்கே பிடிப்பது, எங்கே விடுவது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் மாஸ்டர். பாராட்ட மட்டும் வாயே வராது அவருக்கு. முதல் ஆல்பம் 'கொள்ளிவாய்' பதிவானபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரே ஒரு தடவை கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அதை வைத்துக்கொண்டு கிளாட்ஸ்டன் பாதி ஆயுளை ஓட்டிவிட்டான்.

அந்த ஆல்பத்தை ரசிகர்கள் வேதம் மாதிரி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு வந்த எதையும் அவர்கள் மன்னிக்கவில்லை. இப்போது பல வருஷம் கழித்துப் புது ஆல்பம் வேலை நடக்கிறது. முன்னோட்டமாக ஒரு பாட்டை யூடியூபில் விட்டார்கள். விட்டதுதான் தாமதம், ரசிகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள்.

கிளாட்ஸ்டன் போனை எடுத்து வாசித்தான்.

"'தாத்தா, பிரஷர் மாத்திரை போட்டாச்சா?' இது ஒருத்தன். 'கொள்ளிவாய்ல பாடினவரு எங்க, இந்த இருமல் எங்க?' இது இன்னொருத்தன்."

"எத்தினி வாட்டிடா படிச்சே இத?"

கிளாட்ஸ்டன் போனைப் பைக்குள் போட்டான். கக்கூஸில் உட்கார்ந்துகூடப் படித்தேன் என்று எப்படிச் சொல்வது?

"ரூஃபஸ் வேற படுத்தறான்" என்றான். ரூஃபஸ் கிடார் வாசிக்கிறவன், பள்ளிக்கூடத்திலிருந்து கூட ஒட்டிக்கொண்டவன். "பெங்களூர்ல ஒரு பையன் இருக்கானாம். அவனைப் பாட வச்சுட்டு என்னைப் பின்னாடி கோரஸ்ல நிக்கச் சொல்றான். நம்ம பேண்ட்ல, மாஸ்டர். நான் கோரஸ்ல நிக்கணுமாம்."

"உனக்கு இப்ப இன்னா வேணும்?"

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்குக் குரல் இருக்கா, இல்லையா?"

மாஸ்டர் சிரித்தார். "செவிடன்கிட்ட வந்து கேக்குற. வேற ஆளே கெடைக்கலியா?"

"உங்களை விட்டா எனக்கு யார் இருக்கா?"

அம்பத்தஞ்சு வயசில் இப்படி நின்று கேட்க வேண்டியிருக்கிறதே என்று அவமானமாக இருந்தது.

மாஸ்டர் ஈரக்கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு எழுந்தார். கூட்டைத் திறந்தார். பளீரென்று கையைத் தட்டினார். புறாக்கள் சடசடவென்று கிளம்பி, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஒரு வட்டம் போட்டுவிட்டுத் திரும்பின.

"மெஷினக் கழட்டிட்டா நான் தட்டுறது எனக்கே கேக்காது" என்றார். "இதுங்க பறந்தா, சத்தம் வந்துச்சுன்னு தெரிஞ்சுக்குவேன்."

"வயிறு எரிஞ்சு வந்து நிக்கறேன். புறாக் கதை சொல்றீங்களே."

மாஸ்டர் கீழே இறங்கிப்போனார். வரும்போது கையில் ஒரு கேசட் இருந்தது.

கிளாட்ஸ்டனுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. 'கொள்ளிவாய்' பதிவு செய்த அதே வாரத்தில் பாடியது. ஆல்பத்தில் இடம் பத்தாமல் விட்டுப்போன பாட்டு. பேண்ட் ஆட்களைத் தவிர வெளியில் யாரும் கேட்டதில்லை.

"இதப் புதுப் பாட்டுன்னு போடு" என்றார் மாஸ்டர்.

போட்டார்கள். ரூஃபஸ் முதலில் முறைத்தான், அப்புறம் அவனுக்கே ஆசை வந்துவிட்டது. கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இரைச்சலைத் துடைத்து, குரலை மட்டும் பிரித்தெடுத்து, கிடாரையும் டிரம்ஸையும் புதிதாக வாசிக்கவைத்துச் சேர்த்தான். அந்தக் குரலில் கை வைக்கவில்லை. கிளாட்ஸ்டனின் இப்போதைய படத்தைப் போட்டு வெள்ளிக்கிழமை வெளியிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளாட்ஸ்டன் இரண்டு மட்டன் பிரியாணிப் பொட்டலத்தோடு மாடிப்படி ஏறினான். மூச்சு வாங்கியது. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"கேளுங்க மாஸ்டர். 'பழைய குரலைக் காப்பியடிக்கப் பாக்குறாரு, வரல.' எப்படி இருக்கு? 'கொள்ளிவாய் கேட்டு வளர்ந்தவன் நான், இதைக் கேட்டு அழுதுட்டேன், பாவம் மனுஷன்.' இதைக் கேளுங்க, ஜோயல் எழுதியிருக்கான், நம்ம பழைய ரசிகன், பெரம்பூர் ஜோயல். 'போதும்ணே, விட்டுடுங்க. இருக்கிற பேரையும் கெடுத்துக்காதீங்க.'"

"அப்புறம்?"

"அது நான், மாஸ்டர்! அதே வாரம், அதே தொண்டை. அதைப் போய்க் காப்பிங்கறான்."

சிரித்துச் சிரித்து அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ரூஃபஸ் வாயடைச்சுப் போயிட்டான். பெங்களூர்ப் பையனை வரவேணாம்னு சொல்லிட்டான். நாளைக்கு ரெக்கார்டிங். நான்தான் பாடறேன்."

"சந்தோஷமா?"

"பின்ன? அத்தனையும் செவிட்டுப் பசங்க..." நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"பரவால்ல, சொல்லு."

"ஒருத்தனுக்கும் காது இல்ல மாஸ்டர். குரலைக் கேக்கவே இல்ல. நரைச்ச தாடியப் பாத்துட்டுத் திட்டறானுங்க. இனிமே இவனுங்க பேச்சை நான் மயிரளவுக்கும் மதிக்க மாட்டேன்."

மாஸ்டர் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தார். ஒரு எலும்பை நிதானமாகச் சப்பி ஓரத்தில் வைத்தார்.

"கொள்ளிவாய் வந்தப்போ காலேஜ் கிரவுண்டுல பாடினியே. உன்னத் தோள்ல தூக்கிக்கினு ஆடுனாங்களே. நெனப்பு கீதா?"

"மறக்க முடியுமா?"

எப்படி மறப்பான்? பெண்டாட்டி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன நாளிலும், கம்பெனியில் அவனைவிடச் சின்னவனுக்குச் சலாம் போட்ட நாளிலும், அந்தத் தோளின் மேல் ஏறித்தானே உட்கார்ந்திருந்தான்.

"யாரோட தோள் அது?"

"ஜோயலோடது" என்றான் கிளாட்ஸ்டன். சொன்னபின் வாயில் இருந்த சோறு அப்படியே நின்றது.

மாஸ்டர் கேட்டார். "அன்னிக்கு மட்டும் அவனுக்குக் காது இருந்துச்சா?"

கீழே தெருவில் யாரோ ஆட்டோவை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

கிளாட்ஸ்டன் பொட்டலத்தை மூடி வைத்தான்.

"அவன் கெடக்கறான், விடுங்க. நீங்க இருந்தீங்க இல்ல? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு விரலைத் தூக்கிக் காட்டினீங்களே. நல்லா இருந்ததாலதானே காட்டினீங்க?"

மாஸ்டர் விரலைச் சூப்பினார். கொஞ்சம் யோசித்தார்.

"அப்பவே எனக்குப் பாதிக் காது பூடுச்சுடா. கண்ணாடி வேற நடுவுல. உன் கழுத்து நரம்பு பொடச்சுக்கினு நின்னுச்சு, அதப் பாத்தேன். சரி, உசிரக் குடுத்துப் பாடுறான்னு நெனச்சேன்."

"கேக்கவே இல்லையா?"

"இல்ல."

அந்த ஆளைப் பிடித்துக் கீழே தள்ளிவிடலாமா என்று இருந்தது கிளாட்ஸ்டனுக்கு. இத்தனை வருஷமாக மண்டியிட்ட சாமிக்கு முகமே இல்லை என்று இப்போது சொல்கிறாரே, பிரியாணி தின்றுகொண்டு. சொல்லாமலே இருந்திருக்கலாம். பாவி, சொல்லாமலே செத்திருக்கலாம்.

"அப்படின்னா நாளைக்கு நான் பாடணுமா, வேணாமா? அதையாவது சொல்லித் தொலைங்க."

மாஸ்டர் எழுந்து குழாயடியில் கை கழுவினார். திரும்பி வந்து, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் அவனுக்கு எதிரே உட்கார்ந்தார். காதிலிருந்த மெஷினைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு கண்களையும் இறுக மூடிக்கொண்டார்.

"பாடு."

மாடியில் வேறு மனுஷ வாடையே இல்லை. கிளாட்ஸ்டன் காலை அகட்டி நின்றான். அவர் சொல்லிக்கொடுத்தபடியே மூச்சை அடிவயிற்றில் இறக்கிப் பிடித்தான். வாயைத் திறந்தான்.

கண் தானாகப் புறாக்கூட்டின் பக்கம் போனது.