முதலாளி பூட்டிய பம்ப்

பழைய காரில் மாட்டிய மூன்றாவது பெல்ட்டும் கழன்று விழுந்தது. மில் முதலாளி வேணுகோபால் தாம்தூம் என்று குதித்தார். அந்தக் காரின் அடிச்சட்டத்தில் பவர் ஸ்டீயரிங் பம்ப்பைத் தன் கையாலேயே பூட்டியவர் அவர்தான்.

"நாளைக்குப் பழைய கார் ஊர்வலம். பெல்ட் நிக்கலைன்னா உனக்கு வேலை இல்லை. நான் பூட்டின பம்ப்பைத் தொட்டாலும் வேலை இல்லை!"

மெக்கானிக் ஆறுச்சாமி தலையாட்டிவிட்டு, பெல்ட் ஓடும் சக்கரங்களான புல்லிகளின் முகத்தோடு ஒரு நூலை இழுத்துப் பிடித்தார். மூன்று புல்லிகள் நூலைத் தொட்டன. பம்ப் புல்லி மட்டும் உள்ளே தள்ளி நின்றது. பெல்ட் கோணலாக ஓடினால் கழலத்தானே செய்யும்?

"உங்க பம்ப்பைத் தொடலீங்க முதலாளி. இன்ஜினையே பின்னால நகத்திடறேன். கியர்பாக்ஸ், ரேடியேட்டர் எல்லாம் கழட்டோணும். ஒரு மாசம் ஆகுமுங்க."

பக்கத்தில் நின்ற கார் டிரைவர் சிரிப்பை அடக்க இருமினார். முதலாளி குனிந்து நூலைப் பார்த்தார்.

"பம்ப்பை நகத்தினா?"

"பம்ப்புக்குப் பின்னால ரெண்டு வாஷர் போட்டாப் போதும், வெளிய வந்து நேராயிரும். அஞ்சே நிமிசமுங்க."

தப்பை ஒத்துக்கொள்ள அவருக்கு வாய் வரவில்லை, பாவம். "நான் காபி குடிச்சிட்டு வர்றேன். அதுவரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நில்லு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆறுச்சாமி கையைக் கட்டிக்கொள்ளவில்லை.