இமையை முந்திய நத்தை

மலையடிவாரத்தில் ஒரு முயல் வளை. வாசலில் காவல் நிற்கும் முயல் கண்ணை இமைக்கவே கூடாது என்பது அங்கே வழக்கம். அதில் முயல்களுக்கு அப்படி ஒரு பெருமை!

அந்தப் பெருமைதான் குள்ளநரிக்கு வசதியாகப் போயிற்று. ஆற்றோரம் கிடைத்த பளிங்குக் கல்லில் வெயிலை வாங்கி, காவல் முயலின் கண்ணில் பாய்ச்சும். முயல் தடுமாறும்போது வளைக்குள் புகுந்து குட்டிகளைத் தூக்கிவிடும். மருதி என்ற முயலின் அண்ணன் அப்படித்தான் பார்வையை இழந்தது.

இப்போது காவல் முறை மருதிக்கு வந்தது.

"வாசலில் தேக்கிலையைக் கட்டிவிடேன்!" என்றது ஒரு முயல்.

"கட்டினால் நரி வருவது எப்படித் தெரியும்? என் கண் பிழைக்கும், குட்டிகள் பிழைக்காதே!"

"அப்போ வழக்கத்தை விட்டு இமைத்துத் தொலை!"

"ஒளி பாய்ந்த பிறகுதானே இமை மூடும்?" என்றது மருதி. அதற்கு அழுகை வந்தது.

வாசலோரம் ஊர்ந்துகொண்டிருந்த நத்தை தலையை நீட்டியது. "நான் ஒன்று செய்து தரட்டுமா?"

"நீ முடிப்பதற்குள் நரிக்கே நரைத்துவிடும்!" முயல்கள் விழுந்து விழுந்து சிரித்தன.

நத்தை பொருட்படுத்தவில்லை. இடி விழுந்து எரிந்த பனையின் கரியைத் துளி நக்கிக்கொண்டது. மருதி வளைத்துக் கொடுத்த கொடியில், கரி கலந்த தன் பசையை மெல்லிய திரையாக இழுத்தது. அதை இரண்டும் வாசலில் பொருத்தின. திரைக்கு அப்பால் புல் நுனிகூடத் தெளிவாகத் தெரிந்தது.

"இது இருப்பதே தெரியவில்லை! இதுவா காக்கும்?" என்றன முயல்கள்.

"இளவெயிலுக்கு இது வழிவிடும். கொடிய ஒளி பட்டால் உள்ளே கரி சுடும், பசை நுரைக்கும். அடிக்கிற கையே கதவைச் சாத்தும், பார்!" என்றது நத்தை.

உச்சிவெயிலில் நரி கல்லைத் திருப்பியது. பளீர்! ஆனால் திரை அதற்குள் பாலாகப் பொங்கி வெளுத்திருந்தது! கண்ணுக்கு வந்தது நிலா வெளிச்சம்தான். நரி கல்லைக் கீழே போட்டதும் நுரை அடங்கித் திரை மறுபடி தெளிந்தது. இப்படியும் ஓர் அதிசயம் உண்டா என்று மருதி வியந்தது.

காவல் குருடாகிவிட்டது என்று நம்பிய நரி வாலை ஆட்டிக்கொண்டு ஒய்யாரமாக வந்தது. மருதி பின்னங்காலால் ஓங்கித் தரையில் தட்டியது. குட்டிகளெல்லாம் பின்வழியாக ஓடிவிட்டன; மருதியும் அவற்றின் பின்னால் ஓடியது. நரி திரையைக் கிழித்துத் தலையை நீட்டியபோது காலி வளைதான் இருந்தது. மூஞ்சியெல்லாம் பசை!

"மருதி, நீ இமைத்தாயா?" என்று கேட்டது அண்ணன்.

"இல்லை அண்ணா! எனக்கு முன்னால் நத்தையின் திரை இமைத்துவிட்டது!"

எப்போதும் மூடிக் கிடப்பது காவல் அல்ல. நல்லதற்குத் திறந்திருந்து, தீயது வந்த கணமே மூடிக்கொள்வதுதான் காவல்.