குனிந்த தலையும் ஓங்கிய தடியும்

முயல்கள் மனிதரிடம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், இங்கிலாந்தில் பனிமூட்டம் லேசில் விலகாத ஒரு பள்ளத்தாக்கில் டன்ஸ்டன், கில்பர்ட் என்று இரண்டு உழவர்கள் இருந்தார்கள். இருவர் வயலுக்கும் நடுவே ஓர் எட்டு அகலத்தில் ஒரு புல் வரப்பு. அதில் யார் அவரை விதை ஊன்றுவது என்பதில்தான் சண்டை. ஓர் எட்டு அகலம்! அதற்காக ஏழு வருஷம் முகம்கொடுத்துப் பேசவில்லை.

வசந்தம் பிறந்த ஒரு காலையில், இடுப்பில் விதைப்பையும் கையில் விதைக்குழி குத்தும் குட்டைத் தடியுமாக இருவரும் ஒரே நேரத்தில் அங்கே வந்து நின்றார்கள். முழங்கால் வரை மூட்டம். தங்கள் பாதமே அவர்களுக்குத் தெரியவில்லை.

"காலை எடுடா!" என்றான் டன்ஸ்டன்.

"நீ எடு முதல்ல!" என்றான் கில்பர்ட்.

தடிகள் உயர்ந்தன.

"ஐயா, மிதிச்சிடாதீங்க!" என்று மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு தாய்முயல் கத்தியது. "என் குட்டிங்க மூணும் உங்க காலடியிலதான் படுத்திருக்கு."

"ஓடச் சொல்லேன்" என்றான் டன்ஸ்டன்.

"ஓடாதுங்கய்யா. பயம் வந்தா அசையாம படுத்துக்கணும்னு நான்தான் பழக்கினேன். தரையை ரெண்டு தட்டு தட்டினாத்தான் ஒரு தாவு தாவும். நீங்க போடுற சத்தத்துல என் தட்டு அதுங்க காதுல விழல."

டன்ஸ்டன் கில்பர்ட்டைப் பார்த்தான். தடியால் தரையைத் தட்டக் குனிய வேண்டும். குனிந்தால் பிடரி கில்பர்ட்டின் தடிக்குக் கீழே. ஏழு வருஷக் கோபமும் அந்தத் தடியில்தான் இருந்தது.

டன்ஸ்டன் குனிந்தான். டொக், டொக்.

கில்பர்ட்டின் தடி மேலேயே நின்றுவிட்டது. புல்லில் சின்னதாக ஏதோ சரசரத்தது. அவனும் குனிந்து தட்டினான்.

நிமிர்ந்ததும் கோபம் மறுபடி எட்டிப் பார்க்க, தடியும் தடியும் படாரென்று மோதின. குட்டிகளோ ஒரு தாவோடு நின்றுவிட்டன. வேறு வழி? குனிந்து இரண்டு தட்டு, நிமிர்ந்து ஒரு மோதல், மெல்ல ஓர் எட்டு. வரப்பு நெடுக இப்படியே போனார்கள். எந்த இடத்தில் கோபம் தீர்ந்து தாளம் பிறந்தது என்று அவர்களுக்கே தெரியாது. தடி குத்திய குழிகளில் இரண்டு பைகளிலிருந்தும் அவரை விதை சிந்திக்கொண்டே வந்தது.

வரப்பு முடிந்தது. மூட்டம் கலைந்தபோது வேலியோரம் மூன்று குட்டிகளும் காதை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தன.

"இனிமே வரும்போது கால்ல மணி கட்டிக்கிட்டு வாங்கய்யா. முன்னாலயே தெரிஞ்சுக்குவோம்" என்றது தாய்முயல்.

கில்பர்ட் சிரித்துவிட்டான். வீட்டுக்குப் போய்த் தன் ஆடுகளின் கழுத்துமணிகளை அவிழ்த்துவந்து, பாதியை டன்ஸ்டனிடம் நீட்டினான்.

அன்றிலிருந்துதான் அந்த நாட்டில் மோரிஸ் என்ற கிராமிய நடனம் ஆடுபவர்கள் காலில் மணி கட்டி, எதிரெதிரே நின்று, தடியோடு தடி மோதுமுன் குனிந்து தரையைத் தட்டுகிறார்கள். எதிரில் நிற்பவன் கையில் தடி இருக்கிறது. ஆனாலும் குனிந்த தலையை இதுவரை ஒருவனும் அடித்ததில்லை.