முதல் முடிச்சு

மனதைக் கொஞ்சம் கல்லாக்கிக்கொண்டு கேளுங்கள். இது இனிப்பான கதை இல்லை.

ஆற்றின் இக்கரையில் ஒரு நாடு. அங்கே கொலைக்குத் தண்டனை தூக்கு. கயிற்றின் முதல் முடிச்சை அரசனே தன் கையால் போட வேண்டும். அவன் போடாவிட்டால் தூக்கும் இல்லை. "கொன்றவனைக் கொல்லாமல் விட்டால் என் நாடு ஒரு நாள் தாங்காது" என்பது அரசன் அடிக்கடி சொல்லும் வார்த்தை. அக்கரையில் ஏழு நாடுகள் கூடித் தூக்குமரத்தையே வெட்டி எறிந்திருந்தன. உலகெங்கும் அதை ஒழிப்பதாகச் சபதம் செய்து, தேசம் தேசமாகத் தூதர்களையும் அனுப்பி வந்தன.

உப்பு வணிகர்களான கொற்றனும் தம்பி சாத்தனும் சுங்கச்சாவடித் தகராறில் காவலன் ஒருவனை அடித்தே கொன்றுவிட்டார்கள். இருவர் கையிலும் தடி இருந்தது. சாத்தன் ஆற்றில் குதித்து அக்கரை சேர்ந்தான். கொற்றனும் ஓடத்தான் பார்த்தான். மனைவி நாச்சி தடுத்தாள்.

"செஞ்சது பாவம். போய் ஒத்துக்கோங்க. உண்மையைச் சொன்னவனை ராசா கைவிட மாட்டாரு."

போனான். தூக்கு என்று தீர்ப்பானது.

ஓடியவனை விட்டுவிட்டால் அரசனுக்கு மானம் போகும். சாத்தனைக் கேட்டு ஆள் அனுப்பினான். தூக்கிலிட மாட்டேன் என்று சத்தியம் செய்தால் தருகிறோம் என்றார்கள் அக்கரையில். அரசன் சத்தியம் செய்தான். தூதர் இளநாகர் சாத்தனைக் கொண்டுவந்து ஒப்படைத்தார். அவன் ஆயுள் முழுக்கச் சிறை என்று உள்ளே போனான். மறுநாளும் சந்தை கூடியது. நாடு ஒன்றும் இடிந்து விழவில்லை. ஓர் உயிரைக் காத்தோம் என்று ஏழு நாடுகளிலும் விளக்கேற்றினார்கள்.

நாச்சி தூதர் காலில் விழுந்தாள். "என் புருசனுக்கும் சேத்துக் கேளுங்கய்யா."

"எங்கள் மண்ணை மிதித்தவனுக்குத்தான் நாங்கள் கேட்க முடியும், அம்மா. அதற்கு மேல் கேட்டால் அரசன் கொடுத்த சத்தியத்தையும் முறித்துவிடுவான்."

அரசனிடம் ஓடினாள். "ஓடினவன் பொழச்சான். உங்களை நம்பி வந்தவன் சாகணுமா? ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பா மகாராசா?"

"சாத்தனுக்காகச் சத்தியம் வாங்கினார்கள். கொற்றனுக்காக யாரும் வாங்கவில்லையே" என்றான் அரசன். சொல்லிவிட்டு முடிச்சைப் போட்டான்.

பிணத்தைச் சுமக்கச் சாத்தனைத்தான் சிறையிலிருந்து கூட்டி வந்தார்கள்.

இப்போது சொல்லுங்கள். போய் ஒத்துக்கொள்ளச் சொன்ன நாச்சி, ஒருவனுக்கு மட்டும் கேட்ட தூதர், முடிச்சுப் போட்ட அரசன். கொற்றனின் சாவு யார் தலையில் விடியும்?

விடை: நாச்சி நம்பினாள், நம்பியது குற்றமில்லை. தூதர் கேட்டுப் பார்த்திருக்கலாம். ஏற்றிய விளக்கு அணைந்துவிடுமோ என்று பயந்தார். அது கோழைத்தனம், கொலை இல்லை. கொலை அரசனுடையது. கொன்றவனைக் கொல்லாமலும் நாடு தாங்கும் என்று சாத்தனை வைத்து அவனே கண்ணால் பார்த்துவிட்டான். பார்த்த பிறகு போட்ட முடிச்சுக்குச் சட்டம் என்று பெயர் கிடையாது. அதன்பின் அந்நாட்டில் குற்றம் செய்தவன் எவனும் அரண்மனை வாசலுக்குத் தானாக வரவில்லை. ஆற்றோர ஊர்களில் தாய்மார்கள் பிள்ளைகளுக்கு முதலில் நீச்சல் பழக்கினார்கள். உண்மை பேசுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.